ஓடுதலும் ஓட்டுதலும் நடத்துதலும்: 'ரன்' என்னும் ஆங்கில வினையின் பொருட்பரப்பும் தமிழாக்கமும்

1. முன்னுரை

மொழிபெயர்ப்பில் இடர்ப்பாடு தருபவை அருஞ்சொற்களே என்னும் எண்ணம் பரவலாக உள்ளது. நடைமுறை அதற்கு மாறானது. அருஞ்சொல் ஒன்று எதிர்ப்படும்போது மொழிபெயர்ப்பாளர் அகராதியை நாடுகிறார். பொருளை உறுதிசெய்துகொண்ட பின்னரே மேலே செல்கிறார். எளிய சொல் வரும்போது அவர் நிற்பதில்லை. பள்ளிப் பருவத்திலேயே அறிந்துகொண்ட பொருளை அதன்மீது ஏற்றிவிட்டுக் கடந்து போகிறார். பிழைகள் நுழையும் இடம் அதுவே.

ஆங்கிலத்தில் 'ரன்' என்பது அத்தகைய எளிய வினை. ஓரசைச் சொல், தொடக்கநிலை மாணவரும் அறிந்தது. ஆனால் அகராதியியலாருக்கு அது எளிதாக அமையவில்லை. ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பில் (1989) மிக நீண்ட பதிவாக அமைந்தது 'செட்' என்னும் வினை. மூன்றாம் பதிப்பிற்கான திருத்தப் பணியின்போது அவ்விடத்தை 'ரன்' பெற்றது. அவ்வினைக்கு 645 பொருள்கள் வகுக்கப்பட்ட செய்தி 2011இல் வெளியாயிற்று. அப்பதிவைத் திருத்தியமைத்த பீட்டர் கில்லிவர் அதற்கு ஏறத்தாழ ஒன்பது மாதங்கள் செலவிட்டார்.

இத்தனை பொருள்களுக்கும் தமிழில் நிகர்ச்சொல் தேடுவது இக்கட்டுரையின் நோக்கம் அன்று. 'ரன்' என்பதன் பொருள் யாது என வினவுவதைவிட, அதனோடு வரும் பெயர் யாது என வினவுவதே மொழிபெயர்ப்பாளருக்குப் பயன் தரும் என்பதை நிறுவுவதே நோக்கம். இவ்வினாவை எழுப்பாத இடங்களில், சிறப்பாகச் சட்டம், மருத்துவம் ஆகிய துறைகளில், பிழையின் விலை பெரிதாக இருக்கிறது என்பதும் இங்குக் காட்டப்படும்.

2. வினையின் வரலாறு

இன்று ஒரே வடிவில் உள்ள இவ்வினை, வரலாற்றில் இரு வினைகளின் சேர்க்கையாகும். பழைய ஆங்கிலத்தில் 'ரின்னன்' (ஒலியிடமாற்றம் பெற்ற வடிவம் 'இர்னன்') என்பது செயப்படுபொருள் குன்றிய வினை. ஓடுதல், பாய்தல் என்னும் பொருள்களைத் தந்தது. அதன் பிறவினையாக 'ஆர்னன்' என்பது தனியே வழங்கியது. குதிரையை விரைந்து செலுத்துதல் போன்ற பொருள்களில் அது ஆளப்பட்டது. இடைக்கால ஆங்கிலத்தில், பழைய நார்ஸ் மொழியின் செல்வாக்கும் சேர, இவ்விரண்டும் ஒன்றாயின. இதன் விளைவாக, தானே ஓடுவதையும் பிறிதொன்றை ஓடச்செய்வதையும் ஒரே வடிவம் உணர்த்தலாயிற்று.

ஜெர்மன் மொழியில் இவ்வேறுபாட்டின் எச்சம் இன்றும் உண்டு. நீர் முதலியன வடிந்தோடுவதை 'ரின்னென்' என்றும், விரைந்து ஓடுவதை 'ரென்னென்' என்றும் அம்மொழி வேறுபடுத்துகிறது. பின்னது முன்னதன் பிறவினையாகத் தோன்றிப் பின்னர்ப் பொருள் மாறியது.

இவ்வரலாறு இரண்டு செய்திகளைத் தெளிவாக்குகிறது. முதலாவது, 'ரன்' என்பதன் நீர்மப் பொருள், கால்களால் ஓடுதல் என்னும் பொருளிலிருந்து பிற்காலத்தில் உருவகமாகக் கிளைத்தது அன்று. தொடக்கம் முதலே உடனிருந்தது. தற்கால மொழியில் மையப் பொருள் எது என்பது வேறு வினா. ஸ்டெஃபான் கிரீஸ் 2006இல் வெளியிட்ட தரவக வழி ஆய்வு, மனிதர் கால்களால் விரைந்து செல்லுதலையே இவ்வினையின் மையப் பொருளாகக் கொள்கிறது. வரலாற்று முதன்மையும் பயன்பாட்டு மையமும் ஒன்றாக இருக்கவேண்டியதில்லை என்பதற்கு இது நல்ல சான்று.

இரண்டாவது, ஆங்கிலம் இழந்த வடிவ வேறுபாட்டைத் தமிழ் உறுதியாகப் பேணுகிறது. ஓடு என்பது தன்வினை. ஓட்டு என்பது பிறவினை. நட, நடத்து என்பனவும் அவ்வாறே. ஆங்கில வாக்கியத்தில் செயப்படுபொருள் உண்டா இல்லையா என்பதைக் கொண்டே அறியக்கூடிய வேறுபாட்டைத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வினையின் வடிவிலேயே காட்டியாகவேண்டும்.

3. பெயரும் வினையும்

தொல்காப்பியச் சொல்லதிகாரம் பலபொருள் ஒருசொல்லை இருவகைப்படுத்துகிறது. அவற்றுள் ஒரு வகையின் பொருளை வினை, இனம், சார்பு ஆகியவற்றால் தெளியலாம் என்கிறது. 'மா பூத்தது' என்றால் மரம்; 'மா ஓடியது' என்றால் விலங்கு. இங்குப் பெயரின் ஐயத்தை வினை தீர்க்கிறது. 'ரன்' என்பதில் நிகழ்வது இதன் மறுதலை. வினையின் ஐயத்தைப் பெயர் தீர்க்கிறது. ஆனால் வழிமுறை ஒன்றே: உடன் வரும் சொல்லே பொருளைத் தெரிவிக்கிறது.

'ரன்' வினைக்கு எழுவாயாக வரும் பெயர்களையும், அப்பெயர்கள் தமிழில் இயல்பாக ஏற்கும் வினைகளையும் கீழே காண்க.

(1) குழந்தை: ஓடுகிறது
(2) ஆறு: ஓடுகிறது, பாய்கிறது
(3) மூக்கு: ஒழுகுகிறது
(4) கண்ணீர்: வழிகிறது
(5) துணியின் சாயம்: போகிறது
(6) இயந்திரம்: ஓடுகிறது, இயங்குகிறது
(7) பேருந்து (வழக்கமான தடத்தில்): ஓடுகிறது, செல்கிறது
(8) சாலை (ஊர் வழியாக): செல்கிறது
(9) மலைத்தொடர்: நீண்டு கிடக்கிறது
(10) நாடகம் (நூறு நாள்): ஓடியது, நடந்தது
(11) கூட்டம் (மூன்று மணி நேரம்): நீடித்தது
(12) நாளிதழில் செய்தி: வெளிவந்தது
(13) ஒப்பந்தம் (ஐந்தாண்டு): நடப்பில் இருக்கும்

இப்பட்டியலில் மூன்று கூறுகள் நோக்கத்தக்கன.

3.1 நீர்மம்

(2) முதல் (5) வரையுள்ளவற்றில் ஆங்கிலம் நீர்மத்தின் இயக்கத்தை மட்டுமே கருதுகிறது. தமிழோ அளவையும் முறையையும் வேறுபடுத்துகிறது. பெருகிச் செல்வது ஓடும், பாயும். சிறிது சிறிதாக வெளிப்படுவது ஒழுகும். விளிம்பு கடந்து இறங்குவது வழியும். குறைந்து அகல்வது வடியும். மூக்கு ஒழுகும் என்பதற்கு ஈடாக 'மூக்கு ஓடுகிறது' என்று எழுதினால் படிப்பவர் நகைப்பார்.

3.2 நீட்சி

(8), (9) ஆகியவற்றில் உண்மையில் எதுவும் அசைவதில்லை. சாலையும் மலையும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. பார்ப்பவரின் கண்ணே அவற்றின் நெடுகச் செல்கிறது. இக்கற்பனை அசைவு தமிழுக்கும் உரியதே. 'சாலை செல்கிறது', 'எல்லை போகிறது' என்கிறோம். ஆனால் தமிழ் இங்குச் செல், போ ஆகிய பொதுவினைகளையே பெரிதும் ஏற்கிறது. மெல்லிய கோட்டுவடிவப் பொருள்கள் மட்டும் ஓடு என்பதை ஏற்கின்றன: வேர் ஓடுகிறது, நரம்பு ஓடுகிறது, உள்ளங்கையில் ரேகை ஓடுகிறது.

3.3 நிலைமாற்றம்

'ரன்' வினையை அடுத்துப் பெயரடை வரும்போது அது 'ஆகு' என்னும் அளவிலேயே பொருள்படுகிறது. கிணறு உலர்ந்ததாக 'ரன்' செய்தால் தமிழில் கிணறு வற்றுகிறது. கையிருப்புத் தாழ்ந்ததாக 'ரன்' செய்தால் குறைகிறது. இரத்தம் குளிர்ந்ததாக 'ரன்' செய்தால் உறைகிறது. ஆங்கிலம் வெற்றுவினையையும் பெயரடையையும் கூட்டி உணர்த்துவதைத் தமிழ் ஒரே வினையில் அடக்கிவிடுகிறது. இங்கு 'ரன்' என்பதற்குத் தனியே நிகர் தேடுவது வீண்.

4. நிறுவனத்தை ஓட்டுதலும் நடத்துதலும்

'ரன்' செயப்படுபொருள் குன்றா வினையாகிப் பள்ளி, கடை, நிறுவனம், முகாம் ஆகியவற்றைச் செயப்படுபொருளாகக் கொள்ளும்போது மொழிகளுக்கிடையிலான வேறுபாடு மிகத் தெளிவாகிறது. ஆங்கிலம் 'ஓடு' என்னும் வினையைத் தேர்ந்த இடத்தில் தமிழ் 'நட' என்பதைத் தேர்ந்துள்ளது. பள்ளியை நடத்துகிறோம், கடையை நடத்துகிறோம். வண்டியை ஓட்டுகிறோம். பேருந்தில் இவ்விரு வினைகளும் இரு பணியாளரின் பெயர்களாகவே நிலைபெற்றுவிட்டன: வண்டியைச் செலுத்துபவர் ஓட்டுநர், சீட்டு வழங்கிப் பயணிகளைக் கவனிப்பவர் நடத்துநர்.

வ. உ. சிதம்பரம் பிள்ளை 1906இல் சுதேசி நீராவிக் கப்பல் நிறுவனத்தைத் தொடங்கினார். அவரைக் 'கப்பலோட்டிய தமிழர்' என்று வழங்குகிறோம். அவர் கப்பலின் சுக்கானைப் பிடித்தவர் அல்லர், நிறுவனத்தை நடத்தியவர். எனினும் செயப்படுபொருள் கப்பல் ஆனபோது வினை ஓட்டு என ஆயிற்று. செய்தவர் ஒருவரே, செயலும் ஒன்றே, பெயர் மாறியதும் வினை மாறிவிட்டது.

பிற இந்திய மொழிகளை நோக்கின் இது மேலும் விளங்கும். இந்தியில் 'சல்னா' என்பது நடத்தல், நகர்தல் எனப் பொருள்படும். கடிகாரமும் கடையும் திரைப்படமும் அம்மொழியில் 'சல்னா' வினையையே ஏற்கின்றன. அதன் பிறவினையான 'சலானா' வண்டிக்கும் பொருந்தும், பள்ளிக்கும் பொருந்தும். தெலுங்கில் 'நடுப்பு' என்பதும் வண்டி, பள்ளி இரண்டிற்கும் வருகிறது. கன்னடமும் மலையாளமும் தமிழைப் போலவே வண்டிக்கு ஓடுதலடியாகவும் நிறுவனத்திற்கு நடத்தலடியாகவும் வினைகளைப் பிரித்துக்கொள்கின்றன. ஆகவே ஒரு மொழிக் குடும்பத்திற்குள்ளும் பொருட்பரப்பைப் பகிர்ந்துகொள்ளும் முறை ஒன்றாக இல்லை. ஆங்கிலத்திலிருந்து இந்திக்குச் சென்று அங்கிருந்து தமிழுக்கு வரும் நூல்களில் இதனைச் சிறப்பாகக் கருத்தில் கொள்ளவேண்டும்.

தமிழில் நிறுவனத்திற்கு ஓட்டு என்பதும் வரக்கூடும். ஆனால் பொருள் நிறம் மாறும். 'குடும்பம் நடத்துகிறார்' என்றால் இல்வாழ்க்கை மேற்கொண்டுள்ளார் என்பது பொருள். 'குடும்பத்தை ஓட்டுகிறார்' என்றால் வருவாய்க் குறைவுக்கிடையே எப்படியோ சமாளிக்கிறார் என்பது பொருள். 'காலத்தை ஓட்டுதல்', 'பிழைப்பை ஓட்டுதல்' என்பவற்றிலும் இச்சமாளிப்புக் குறிப்பு உண்டு. ஆங்கில வினையில் அக்குறிப்பு இல்லை. ஒரு பெண்மணி தம் வீட்டு நிருவாகத்தைத் திறம்படக் கவனிப்பதைச் சொல்லும் ஆங்கில வாக்கியத்தில் ஓட்டு என எழுதினால், மூலத்தில் இல்லாத வறுமையை மொழிபெயர்ப்பாளர் சேர்த்தவராவார்.

தேர்தலைப் பற்றியும் இங்குச் சுட்டலாம். அமெரிக்க ஆங்கிலத்தில் வேட்பாளர் பதவிக்காக 'ரன்' செய்கிறார். பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் அவர் நிற்கிறார். தமிழில் தேர்தலில் நிற்றல், போட்டியிடுதல் ஆகியவை வழக்கு. அமெரிக்க இதழ்களைத் தழுவி 'அதிபர் பதவிக்கு ஓடுகிறார்' என்று எழுதுவது தமிழ் வழக்கைக் கைவிடுவதாகும்.

5. துணைச்சொல் சேர்ந்த வினைகள்

ஆங்கில வினையோடு 'அவுட்', 'டவுன்', 'அப்', 'ஓவர்', 'இன்டு' முதலிய இடைச்சொற்கள் சேர்ந்து புதுப்பொருள் தருவது அம்மொழியின் இயல்பு. இவற்றைத் தனித்தனி மரபுத்தொடர்களாக மனப்பாடம் செய்வதே வழக்கமாக உள்ளது. ஆயினும் இடைச்சொல்லின் பங்கு பெரும்பாலும் ஒழுங்குடையதே.

'அவுட்' முடிவு வரை செல்லுதலைக் குறிக்கும். ஆகவே 'ரன் அவுட்' தீர்ந்துபோதல், காலாவதியாதல். 'டவுன்' குறைதலைக் குறிக்கும். ஆகவே 'ரன் டவுன்' மின்கலத்திற்கு வரும்போது ஆற்றல் தீர்தல். கட்டடத்திற்கு வரும்போது சீர்கெடுதல். ஆளுக்கு வரும்போது இகழ்ந்துரைத்தல். 'அப்' மிகுதலைக் குறிக்கும். ஆகவே கடனோடு 'ரன் அப்' வந்தால் கடன் ஏறவிடுதல். 'இன்டு' எதிர்ப்பட்டு மோதுதலைக் குறிக்கும். ஆகவே நண்பரோடு வந்தால் எதிர்பாராது சந்தித்தல். சுவரோடு வந்தால் மோதுதல். தொகையோடு வந்தால் அந்த அளவை எட்டுதல்.

'ரன் ஓவர்' என்பதில் மூன்று பொருள்கள் அருகருகே உள்ளன. வண்டி ஆள்மீது ஏறுதல், கலத்திலிருந்து நீர் வழிதல், குறிப்புகளை ஒருமுறை மேலோட்டமாகப் பார்த்தல். மூன்றிலும் 'மேலாகச் செல்லுதல்' என்னும் கூறு பொது. எது மேலாகச் செல்கிறது என்பதே பொருளைப் பிரிக்கிறது. மீண்டும் பெயரே தீர்ப்பு வழங்குகிறது.

தமிழில் இத்தகைய இடைச்சொல் முறை இல்லை எனினும் அதன் பணியைத் துணைவினைகள் செய்கின்றன. தீர்ந்துவிட்டது, தீர்ந்துபோயிற்று என்பவற்றில் விடு, போ ஆகியவை முடிவையும் இழப்பையும் உணர்த்துகின்றன. 'ரன் அவுட்' என்பதிலுள்ள 'அவுட்' தமிழில் பெயராகவோ அடையாகவோ வருவதில்லை, துணைவினையாக உருமாறுகிறது.

6. மரபுத்தொடர்கள்

மரபுத்தொடர்களை மூவகையாகப் பிரித்துக் காண்பது மொழிபெயர்ப்பாளருக்கு உதவும்.

முதல் வகை, தமிழில் ஒத்த கருத்துடைய வழக்கு ஏற்கனவே உள்ளவை. முயலோடு ஓடிக்கொண்டே வேட்டைநாய்களோடு சேர்ந்து வேட்டையாடுதல் என்னும் ஆங்கிலத் தொடருக்குப் பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டுதல் என்பது ஏறத்தாழ முழு நிகர். கப்பல் 'ரன் அகிரவுண்டு' ஆவதற்குத் தரைதட்டுதல் என்னும் கடல்வழக்கு உண்டு. புதிய வண்டியையோ கலத்தையோ பயன்பாட்டிற்கு முன் ஓட்டிப் பார்க்கும் 'டிரயல் ரன்' என்பதற்கு வெள்ளோட்டம் என்னும் அழகிய சொல் இருக்கிறது. தேருக்கு வழங்கிய அது இன்று இரயிலுக்கும் திட்டத்திற்கும் வழங்குகிறது. இவ்வகையில் சொல்லுக்குச் சொல் பெயர்ப்பது உள்ள செல்வத்தை விட்டுவிட்டுக் கடன் வாங்குவதாகும்.

இரண்டாம் வகை, உருவகம் விளங்கினும் தமிழில் நிலைபெறாதவை. ஒரு பண்பு அல்லது நோய் குடும்பத்தில் 'ரன்' செய்தல் என்பதைக் 'குடும்பத்தில் ஓடுகிறது' என்றால் ஒருவாறு விளங்கும். ஆனால் வழிவழியாக வருதல், பரம்பரையாக இருத்தல் என்பனவே இயல்பு. 'லாங் ரன்' என்பதை 'நீண்ட ஓட்டத்தில்' எனப் பெயர்ப்பதைப் பொருளியல் நூல்களில் காணலாம். 'நீண்ட காலத்தில்' என்பதே தெளிவு. வங்கியின் மீதான 'ரன்' என்பதோ விளக்கி எழுதவேண்டியது: வைப்பாளர்கள் நம்பிக்கையிழந்து ஒரே நேரத்தில் திரண்டு பணத்தைத் திரும்பப்பெற முனைதல்.

மூன்றாம் வகை, பிறப்பு மறைந்தவை. 'ரன் த காண்ட்லெட்' என்பதிலுள்ள 'காண்ட்லெட்' கையுறை அன்று. சுவீடிய மொழியில் 'சந்து ஓட்டம்' எனப் பொருள்படும் 'காட்லோப்' என்பதன் சிதைவு. இரு வரிசையாக நிற்போர் அடிக்க, நடுவே குற்றவாளி ஓடும் படைத்துறைத் தண்டனையை அது குறித்தது. 'ரன் அமாக்' என்பதிலுள்ள 'அமாக்' மலாய்ச் சொல். கொலைவெறியோடு தாக்குதலைக் குறிப்பது. 'ரன் ஆஃப் த மில்' என்பது ஆலையிலிருந்து தரம் பிரிக்கப்படாமல் வெளிவரும் பொருளைச் சுட்டிப் பின்னர்ச் 'சாதாரணமான' எனப் பொருள் விரிந்தது. இவ்வகையில் உருவகத்தைக் காப்பாற்ற முயல்வதைவிடக் கருத்தை உரைப்பதே தக்கது.

கடன்பெயர்ப்பு எல்லாமே தவறு என்று இதனால் கொள்ளலாகாது. கிரிக்கெட்டில் 'ரன்' என்பதற்கு ஓட்டம் என்னும் சொல் வந்து நிலைபெற்றுவிட்டது. நான்கு ஓட்டங்கள் எடுக்கப்பட்டதாகச் சொல்லும்போது பந்து எல்லையைக் கடந்திருக்கலாம். எவரும் ஓடியிராமலும் இருக்கலாம். ஆயினும் துறைச்சொல்லாக வரையறுக்கப்பட்டதால் குழப்பம் இல்லை. எல்லை வகுக்கப்பட்ட துறையில் கடன்பெயர்ப்பு செழிக்கும். பொதுமொழியில் அது தடுமாறும்.

7. தமிழ் 'ஓடு': எதிர்த்திசைச் சோதனை

தமிழிலிருந்து ஆங்கிலத்திற்குச் செல்லும்போதும் இதே சிக்கல் உண்டு. 'அவருக்கு ஒன்றும் ஓடவில்லை' என்றால் என்ன செய்வதெனத் தோன்றவில்லை என்பது பொருள். 'கையும் காலும் ஓடவில்லை' என்பது பதற்றம். 'வேலை ஓடவில்லை' என்பது மனம் ஈடுபடாமை. 'ஓடிப்போனாள்' என்பது சூழலைப் பொறுத்துக் காதலனுடன் வீட்டைவிட்டு வெளியேறுதல். 'ஓடியாடி வேலை செய்தார்' என்பதில் ஆட்டம் இல்லை, சுறுசுறுப்பே உள்ளது. பேச்சுவழக்கில் ஒருவரை 'ஓட்டுதல்' கேலி செய்தல். இவற்றுள் எதற்கும் 'ரன்' நேரடியாக உதவாது.

ஓட்டம் என்னும் தொழிற்பெயரின் விரிவும் கருதத்தக்கது. நீரோட்டம், குருதியோட்டம், தேரோட்டம், பண ஓட்டம், எண்ண ஓட்டம், முன்னோட்டம், மேலோட்டம் எனப் பல கூட்டுச்சொற்கள் உள்ளன. திருக்குறளின் 58ஆம் அதிகாரத்தின் பெயர் கண்ணோட்டம். அங்கு அது இரக்கம். இன்றைய உரைநடையில் அச்சொல் பார்வைக்கோணம் எனப் பொருள்படுகிறது. குறள் அதிகாரத் தலைப்பை இன்றைய பொருளில் ஆங்கிலப்படுத்தினால் அறம் முழுவதும் நழுவிவிடும்.

ஓடு, 'ரன்' ஆகிய இரண்டும் மையத்தில் ஒன்றியும் விளிம்புகளில் விலகியும் நிற்பவை என்பது இதனால் பெறப்படும். மையத்தின் ஒற்றுமையே மொழிபெயர்ப்பாளரை ஏமாற்றுகிறது.

8. பிழையின் விலை

8.1 சட்டம்

பல குற்றங்களுக்குத் தண்டனை விதிக்கப்படும்போது அவை உடனிகழ்வாக 'ரன்' செய்யுமா, அடுத்தடுத்து 'ரன்' செய்யுமா என்பதை ஆங்கிலத் தீர்ப்புகள் குறிப்பிடும். 1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 31ஆம் பிரிவின்படி, ஏககாலத்தில் என நீதிமன்றம் பணிக்காவிட்டால் சிறைத்தண்டனைகள் ஒன்றன்பின் ஒன்றாகவே அமைந்தன. 2024 சூலை 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, 2023இன் 25ஆம் பிரிவு, குற்றங்களின் கடுமையைக் கருதி இவ்விரண்டில் எது என்பதை நீதிமன்றமே பணிக்கவேண்டும் என்கிறது.

மூன்றாண்டும் ஐந்தாண்டுமாக இரு தண்டனைகள் எனக் கொள்வோம். ஏககாலத்தில் எனின் ஐந்தாண்டு. ஒன்றன்பின் ஒன்றாக எனின் எட்டாண்டு. இங்கு 'தண்டனைகள் தொடர்ந்து நடைபெறும்' என்று எழுதினால், தொடர்ந்து என்பது இடைவிடாமல் எனவும் படும். அடுத்தடுத்து எனவும் படும். மூன்றாண்டு சிறைவாழ்வு ஒரு சொல்லின் தெளிவில் தங்கியிருக்கிறது. 'ஏககாலத்தில் அனுபவிக்க வேண்டும்', 'ஒன்றன்பின் ஒன்றாக அனுபவிக்க வேண்டும்' என்பனவே ஐயமற்றவை. தண்டனை ஓடுவதும் இல்லை, நடப்பதும் இல்லை, தமிழில் அது அனுபவிக்கப்படுகிறது. ஆங்கிலத்தில் தண்டனை எழுவாய். தமிழில் தண்டனை பெற்றவர் எழுவாய். வினை மாறும்போது வாக்கிய அமைப்பும் மாறுவதைக் கவனிக்க.

1963ஆம் ஆண்டுக் காலவரம்புச் சட்டத்தின் 9ஆம் பிரிவு, காலம் ஒருமுறை 'ரன்' செய்யத் தொடங்கிவிட்டால் பின்னர் நேரும் இயலாமை எதுவும் அதனை நிறுத்தாது என்னும் விதியைத் தருகிறது. 'காலம் ஓடத் தொடங்கினால்' எனத் தமிழில் எழுதினால் படிப்பவர் காலம் விரைவாகக் கழிவதாகவே கொள்வார்; ஏனெனில் தமிழில் 'காலம் ஓடுகிறது' என்பது விரைவைப் பற்றிய கூற்று. சட்டம் கூறுவது விரைவு அன்று, கணக்கீடு. 'காலவரம்புக் கணக்கு தொடங்கிவிட்டால்' என்பதே கருத்தைத் தரும். வழக்குத் தொடுக்கும் உரிமை ஒரு நாள் வேறுபாட்டில் இழக்கப்படலாம் என்பதால் இது நடை பற்றிய சிக்கல் மட்டும் அன்று.

நிலத்தோடு 'ரன்' செய்யும் உடன்பாடு என்னும் சொத்துரிமைத் தொடரும் இத்தகையதே. நிலம் கைமாறினாலும் உடன்பாடு அடுத்த உரிமையாளரைக் கட்டுப்படுத்தும் என்பது கருத்து. 'நிலத்தைத் தொடர்ந்து வரும் கட்டுப்பாடு' என எழுதலாம்.

8.2 மருத்துவம்

நோய் தன் போக்கை 'ரன்' செய்யவேண்டும் என்று மருத்துவர் கூறினால், அந்நோய் உரிய காலம் இருந்து தானாகவே தணியும் என்பது பொருள். 'நோய் ஓடிவிடும்' என்னும் பெயர்ப்பு உடனே குணமாகும் என்னும் நம்பிக்கையை ஊட்டும். நோயாளி மூன்றாம் நாள் மருந்தை மாற்றிக்கொள்ளக்கூடும். குழந்தை வெப்பநிலையை 'ரன்' செய்கிறது என்பது வெறும் 'காய்ச்சல் இருக்கிறது' என்பதே. பெயர்ச்சொல்லாகப் பன்மையில் 'ரன்ஸ்' வந்தால் பேச்சு ஆங்கிலத்தில் அது வயிற்றுப்போக்கு. ஆபத்தை 'ரன்' செய்தல் ஆபத்துக்கு ஆளாதல்; பரிசோதனையை 'ரன்' செய்தல் பரிசோதனை செய்தல். நோயாளிக்குத் தரும் துண்டறிக்கைகளில் இத்தொடர்கள் அடிக்கடி வரக்கூடியவை. மொழிபெயர்ப்பாளர் அங்கு இலக்கிய நயம் தேடவேண்டியதில்லை. தாய்மார் வீட்டில் பேசும் வினையைத் தேடினால் போதும்.

9. அகராதிக்குச் சில கருத்துகள்

இருமொழி அகராதிகள் பொதுவாக ஒரு தலைச்சொல்லின் கீழ் நிகர்ச்சொற்களை அடுக்கித் தருகின்றன. ஓடு, பாய், இயங்கு, நடத்து, செல் எனப் பத்துச் சொற்கள் அடுக்கப்பட்டிருப்பினும், எப்போது எது என்பதை அடுக்கு உணர்த்தாது. ஜான் சின்கிளேர் தலைமையில் 1987இல் வெளிவந்த கோபில்டு அகராதி, பொருள் விளக்கத்தை முழு வாக்கியமாகவே எழுதி, எத்தகைய எழுவாயும் செயப்படுபொருளும் வரும் என்பதை விளக்கத்திற்குள்ளேயே காட்டியது. தமிழில் 1992இல் முதற்பதிப்புக் கண்ட 'க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி' எடுத்துக்காட்டு வாக்கியங்களுக்கு முதன்மை தந்தது. இவ்விரு மரபுகளையும் இணைத்து, ஆங்கிலம் தமிழ் அகராதி ஒன்றில் பொது வினைகளின் பதிவுகளைப் பெயர்வழி வரிசைப்படுத்தலாம். 'ரன்' என்பதன் கீழ், நீர்மம், வண்டி, இயந்திரம், நிறுவனம், கோடு, காலம், தண்டனை, நோய் எனப் பெயர் வகுப்புகளை முதலில் நிறுத்தி, ஒவ்வொன்றிற்கும் தமிழ் வினையையும் வாக்கிய அமைப்பையும் தருதல் வேண்டும். பொருள் எண் இட்டுத் தேடுவதைவிட இது விரைவானது.

இயந்திர மொழிபெயர்ப்பு பரவிவிட்ட இன்று இத்தேவை குறையவில்லை. இயந்திரம் தரும் வாக்கியம் பெரும்பாலும் இலக்கண வழுவற்றதாக இருப்பதால், பொருள் வழு எளிதில் கண்ணில் படுவதில்லை. அதனைச் சரிபார்ப்பவருக்கும் இதே வினா தேவைப்படுகிறது.

10. முடிவுரை

பொது வினை ஒன்றின் பொருள் அவ்வினையினுள் மட்டும் அடைபட்டிருப்பதில்லை. எழுவாய், செயப்படுபொருள், துணைச்சொல் ஆகியவற்றிடையே பரவிக் கிடக்கிறது. ஆங்கிலம் ஒரே வினையைப் பல பெயர்களோடு புழங்க விடுகிறது. தமிழ் பெயருக்குப் பெயர் வினையை மாற்றிக்கொள்கிறது. ஆகவே ஆங்கில வாக்கியத்தைத் தமிழாக்கும்போது வினையை முதலில் பெயர்த்து அதனைச் சுற்றி வாக்கியத்தைக் கட்டுவது பிழைக்கு வழிவகுக்கும். பெயரை முதலில் தமிழில் நிறுத்தி, அப்பெயர் தமிழில் எவ்வினையை ஏற்கும் என நோக்குவதே முறை. மூக்கு ஒழுகும், சாலை செல்லும், பள்ளி நடக்கும், தண்டனை அனுபவிக்கப்படும். இம்முறை 'ரன்' ஒன்றிற்கு மட்டும் உரியது அன்று. 'செட்', 'டேக்', 'கெட்', 'புட்' முதலிய பிற பொதுவினைகளையும் இவ்வாறே ஆராய்ந்து பெயர்வழிப் பட்டியல்கள் உருவாக்கப்படின், நீதிமன்றத்திலும் மருத்துவமனையிலும் பணியாற்றும் மொழிபெயர்ப்பாளர்க்கு அவை உடனடிப் பயன் தரும்.